வாழ்க்கைப்படுதல்

நாலு நிறத்தில் இருநூறு கொடி வேண்டும் என்று
டவுன்ஹால் குமாஸ்தா துணிக்கட்டோடு வந்து நின்றான்.
நான் எதற்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்கவில்லை.
கொடிக்கு இருபத்தைந்து சதம். நூல் என்னுடையது.

ரோஸ்ஹில்லில் ஆகஸ்ட் மாதமே எல்லோருக்கும் தெரியும்:
வேலாயுதன் சாவிக்கு, அவன் பெண்டாட்டி சேவலுக்கு.
ஒரே வரிசையில் நின்று
ஒருவர் ஓட்டை ஒருவர் அழித்துவிட்டு
வழியில் ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.
அன்று ராத்திரி எங்கள் நடுவில் கிடந்த தலையணைக்கு
இரண்டு பக்கமும் கடல்.

அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன்.
"இந்தத் தோளில் ஏறித்தான் சர்க்கரை கப்பலுக்குப் போகிறது.
என் டீக்கு மட்டும் நீ கரண்டியை எண்ணுகிறாய்."
அதே கப்பலில்தானே அரிசி வருகிறது, என்றேன்.
அரிசி பர்மாவிலிருந்து, மாவு ஆஸ்திரேலியாவிலிருந்து.
கரும்பைத் தின்று எத்தனை நாள் பசியாறுவாய்?
கரோல் புயலில் கூரை பறந்து
மேஜைக்கடியில் கிடந்தோமே,
டின்பாலும் கம்பளியும் யார் கொடுத்தது?
"நம் சர்க்கரை விற்ற காசு."
இருக்கலாம்.
பசித்தவள் காசைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள்.

பெரிய வீட்டில் வாழ்க்கைப்படுவது பற்றி
ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும்?
பதினேழு வயதில் நானாகச் சம்மதித்து வந்தவள்.
வயிறு நிறைந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது.
மூன்று வருஷம் என் குழம்பில் எவ்வளவு புளி என்பதை
உன் அக்காள் தீர்மானித்தாள்.
அதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா,
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தங்கை மங்கம்மை ரெயூனியனில் இருக்கிறாள்.
அங்கே தீவே பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது.
பிள்ளைக்கு இவ்வளவு என்று மாசாமாசம் பணம் வருகிறதாம்.
மூத்தவனைக் கந்தையன் என்று பதியப் போனாளாம்.
காலண்டரில் அப்படி ஒரு புனிதர் இல்லை என்றானாம் அதிகாரி.
ழெரோம் என்று எழுதி வாங்கி வந்து
கோயிலில் மட்டும் கந்தையா என்கிறாள்.
எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறான் என்று எழுதிக் கேட்டேன்.
"சோற்றுக்கு" என்று பதில் வந்தது.
சிரித்துக்கொண்டு எழுதினாளோ என்னவோ.

ஜனவரியில் போர்ட் லூயியில் வெட்டுக்குத்து.
அடக்க ஆளில்லாமல்
போகப்போகிற வெள்ளைக்காரனின் பட்டாளத்தையே
சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார்கள்.
பார்த்தாயா, என்றேன்.
பிறக்காத பிள்ளை மருத்துவச்சியைக் கூப்பிடுகிறது.
"கூப்பிடட்டும்.
மருத்துவச்சி பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போவதில்லை."
நான் ஊசியில் நூல் கோத்தேன்.
ரொம்ப நேரம் கோத்தேன்.

இந்தத் தையல் மிஷின் மதாம் க்ளோதில்துடையது.
மெல்போர்னுக்குக் கப்பலேறும் முன் பாதி விலைக்குத் தந்தாள்.
"நாடு போய்ச் சேராவிட்டால் என்ன,
நான் தனியாகப் போய்ச் சேர்கிறேன்" என்றாள்.
எங்கள் மொழியில் அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு.
நான் சொல்லவில்லை.
அவள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை.
முதல் பன்னிரண்டு கொடியில் பச்சை மேலே போய்விட்டது.
தெரியாமல் தைத்தாயா என்று அவன் கேட்கவில்லை.
சாக்குக் கொக்கி பிடித்துக் காய்த்த விரல்களில்
பாதி பிளேடை வைத்துக்கொண்டு
விடியும்வரை ஒவ்வொரு தையலாகப் பிரித்தான்.
இரண்டு கொடி கிழிந்தது.
அவன் வைத நாலு வார்த்தையும் பிளேடைத்தான்.

மார்ச் பதினொன்றாம் தேதி குமாஸ்தா எண்ணிப் பார்த்தான்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
நாற்பத்தொன்பது ரூபாய் ஐம்பது சதம்.
நோட்டில் இன்னும் ராணிதான் இருந்தாள்.
சீனன் கடையில் பர்மா அரிசி வாங்கினேன்.
அவன் எந்தப் பக்கம் என்று பார்க்காமல்
டிராயருக்குள் போட்டுக்கொண்டான்.