ஒரு ஓ கூடிப்போச்சு

செவ்வாய்க்கிழமை, டான்டெனோங் நூலகம், இரண்டாம் மாடி.
மொய்ரா பலகையில் இரண்டு சொல் எழுதுகிறாள்.
ஒன்றில் ஒரு ஓ. மற்றதில் இரண்டு.
ஒரு ஓ என்றால் கையிலிருந்தது தொலைந்துபோவது,
இரண்டு ஓ என்றால் இறுக்கமில்லாமல் தொளதொளப்பது.
உச்சரிப்பும் வேறாம்:
தொலைப்பதற்குக் கடைசியில் வண்டு இரைய வேணும்,
தொளதொளப்புக்குப் பாம்பு சீற வேணும்.

வாய்க்குள் வண்டைத் தேடினேன்.
பாம்புதான் வந்தது, இரண்டு தரமும்.
கொப்பியில் தமிழில் எழுதிப் பார்த்தேன்: லூஸ், லூஸ்.
எங்களுக்கு அதில் மூன்றாவது அர்த்தம் ஒன்றும் இருக்கிறதே,
அதை நினைக்கச் சிரிப்பு முட்டிவிட்டது.
என்னவென்று லியென் கேட்டாள்.
நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினேன்.
அவளுக்கு உடனே விளங்கியது.

பஸ்ஸில் திரும்பும்போது கைபேசியைத் தோண்டினேன்.
பெப்ரவரியில் நேரத்தை வெட்டினபோது
கிரெக்குக்கு அனுப்பினது:
வேலையைத் தொலைக்க எனக்கு விருப்பமில்லை.
அப்படித்தான் எழுதினதாக நினைப்பு.
போயிருப்பதோ இரண்டு ஓவுடன்:
வேலையைத் தளர்த்த எனக்கு விருப்பமில்லை.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான்.
எதற்கு அந்தக் கட்டைவிரல்?
நோபிள் பார்க் வரும்வரை யோசித்தேன்.

காலையில் தொழிற்சாலை, லெட்டூஸ் கழுவும் பிரிவு.
தலைவலைப் பெட்டிக்கு மேலே புது அறிவித்தல்,
கிரெக்கின் கையெழுத்து:
கையுறையைத் தொலைத்தால் நாலு டொலர் பிடிப்போம்.
கண்ணைக் கசக்கிப் பார்த்தேன்.
இரண்டு ஓ!
இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போய்,
கனவிலும் வேறு பாஷை பேசியிராத கிரெக்.
சட்டைப்பையில் பேனை துடித்தது.
திருத்தவில்லை.
என் கட்டைவிரலால் ஒரு ஓவை மூடினேன்.
சரியாக இருந்தது. எடுத்தேன். பிழையாக இருந்தது.
திரும்ப மூடப்போக, பின்னால் குர்பான் இருமினான்,
வரிசை நகர வேணுமாம்.

வியாழன் தேநீர் இடைவேளைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள்.
ஜூனில் 'வீ' ஷெப்பார்டனுக்குப் போகிறோமாம்.
நாமா? நாங்களா?
குழப்பமான சொற்களின் பட்டியலில்
மொய்ரா இதைப் போடவே இல்லை.
குழப்புகிறது என்று இங்கிலீஷுக்கே தெரியாது போல.
கையைத் தூக்கினேன்.
நான் உள்ள வீயா, நான் இல்லாத வீயா?
யாரோ சிரித்தார்கள். லியென் சிரிக்கவில்லை,
அவளுடைய மொழியிலும் அதற்கு இரண்டு சொல்.
கிரெக் சிரிக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்தித் தன் சப்பாத்தைப் பார்த்தான்.
மெஷின்கள், என்றான்.
மெஷின்களும், ஆபீஸும்.

அடுத்த செவ்வாய்.
இரண்டு சொல்லையும் வைத்துச்
சொந்தமாக வசனம் எழுதச் சொன்னாள் மொய்ரா.
எழுதுவதற்கு முன் தமிழில் முணுமுணுத்தேன்,
தொள, தொலை.
அட, எங்களுக்கும் நாக்கின் ஒரு மடிப்புத்தான் வித்தியாசம்.
இத்தனை வயதுக்கும் கவனிக்கவில்லை.

என் கையுறை தொளதொளப்பு.
ஜூனில் அதைத் தொலைப்பேன்.

மொய்ரா விரல் வைத்து ஓக்களை எண்ணினாள்.
இரண்டு சரி போட்டாள்.
பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்தாள்.