ஒரு துளிக்கும் குறைவு

இரவெல்லாம் சூளையில் கிடந்த குடுவை,
சோடியத்தின் மேல் காய்ச்சி வடித்த தொலுயீன்,
போதாததற்கு நைதரசன் வேறு.
ஐசோசயனேற்றுக்கு ஈரம் ஆகாது.
கோணேசபுரியில் ஈரமில்லாத இடம் எது?

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
புகைபோக்கி நிற்க, கண் எரிய,
றிஸ்னா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள்.
நிலாவெளிக் கடல் எட்டிப் பார்த்தது.

முதலில் குமிழி. பிறகு
குடுவை முழுக்க வெள்ளை.
நான் கேட்ட காபமேற்று அல்ல, யூரியா.
இருநூற்று முப்பத்தெட்டுப் பாகையில்தான்
உருகுவேன் என்று அடம்பிடித்தது.

குறிப்பேட்டில் காரணம்: "கடற்காற்று. ஜன்னல்."
றிஸ்னா ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மாலையில் கோட்டைக் கழற்றும்போது
பையிலிருந்து விழுந்து உருண்டது
குடுவையின் றப்பர் மூடி.

வெட்டிவிட்டு எழுதினேன்:
"நான்."