மூன்றரை அறை

வாடகை ஒப்பந்தத்தில் மூன்றரை அறை வீடு என்று இருக்கிறது.
மூன்றை எண்ணிவிட்டேன்.
அந்த அரை எங்கே என்று
பதினொரு வருடமாகத் தேடுகிறேன்,
கையில் ஒரு புத்தகத்தோடு.

குசினியில் இருந்தால்
பசிக்காதவர்களுக்கும் பசி வந்துவிடும்.
சும்மாதானே இருக்கிறீங்கள் என்று
ஒரு தேநீர், ஒரு முட்டை,
காணாமல் போன கணக்குக் கொப்பி.
கட்டிலில் விளக்கைப் போட்டால்
சின்னவன் கண்ணைப் பொத்திக்கொண்டு சிணுங்குவான்.
பல்கனி நல்லது, ஆனால் நவம்பர்.
மலையடியில் தங்கிவிட்ட மூடுபனியில்
மூன்றாம் பக்கத்துக்குள்
தாள் நமுத்த அப்பளமாகிவிட்டது.
நிலக்கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில்
மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் எங்கள் முறை;
அங்கேயும் திருமதி எஷ்லிமான் இறங்கி வந்து
வடிகட்டியைத் துடைத்தாயிற்றா என்று பார்ப்பார்.

படியடியில் கண்ணாடிச் சட்டத்துக்குள்
இந்தக் கட்டடத்தின் சட்டம் தொங்குகிறது:
இரவு பத்து மணிக்குப் பிறகு
குளிக்கக் கூடாது, தொட்டியில் நீர் நிரப்பக் கூடாது.
ஜெர்மனில் ஒரு தரம், பிரெஞ்சில் ஒரு தரம்.
பீல் நகரம் எதையும் இரண்டு தரம் சொல்லும்.
நான் அதை அதட்டலாகவே வாசித்து வந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
தொட்டியைத் தேய்த்துத் துடைத்துவிட்டு
இடுப்பு வலியில் அதற்குள்ளேயே இருந்துவிட்டேன்.
பத்து மணி ஐந்து நிமிடம்.
இனி விடியும்வரை
இந்தத் தொட்டி யாருக்கும் வேண்டாம்.
வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு இது;
ஏன் பூட்டினாய் என்று எவரும் கேட்காத கதவும் இதுதான்.

அரை அறை.

அடுத்த இரவு தலையணை கொண்டுபோனேன்.
குளிர்காலப் போர்வையை இரண்டாக மடித்து
இனாமலின் குளிரை முதுகிலிருந்து விலக்கினேன்.
குழாயின் இரு பக்கமும் கால்களைப் போட்டால்
என் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது.
பகல் முழுதும் முதியோர் இல்லத்தில்
பிறருடைய கால்களைத் தூக்கி வைக்கிற எனக்கு
என் கால்கள் இவ்வளவு பாரம் என்று அன்றுதான் தெரியும்.
லக்சிகா ஒருமுறை தட்டினாள்.
வயிறு சரியில்லை என்றேன்.
பொய் சொன்ன பின் அந்தப் பக்கம் இன்னும் ருசித்தது.
குழாய் மட்டும் சட்டத்தை மதிப்பதில்லை.
பத்துப் பக்கத்துக்கு ஒரு சொட்டு,
சரியாக இடது காலுறையில்.

நூலகத்தில் எடுத்த தடித்த நாவல்.
அதில் ஒருத்தி உப்பளத்துக்குக் கணக்கெழுதுகிறாள்.
அவளுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது;
நான்கு அத்தியாயமாகப் பிரிக்காமல்
இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறாள்.
அவளை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.
பதினொன்றரைக்கு
பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து
துவாய்களுக்கு அடியில் புத்தகத்தை ஒளித்துவிட்டுப் படுப்பேன்.

செவ்வாய் இரவு
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
என் டிக்கெட் அப்படியே இருந்தது.
நாற்பது பக்கம் தள்ளி
இன்னொரு தாள்:
மேசை ஏழு. ஃபோண்டு இரண்டு. ஒன்றுக்கு உள்ளி வேண்டாம்.
ஓரத்தில் எண்ணெய்ப் பெருவிரல்.

ரெஸ்டோரண்ட் மூடி ஒரு மணிக்கு வருகிற மனிதர்.
புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி வரும் என்று
பெண் பார்க்க வந்தபோதே சொன்னவர்.
கை கழுவ இவ்வளவு நேரமா என்று
பாதித் தூக்கத்தில் நான் நினைத்ததுண்டு.

கடிதத்தில் என்ன இருந்தது என்று இவருக்குத் தெரியும்.
காலையில் பாண் வெட்டும்போது முகத்தைப் பார்த்தேன்.
நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ,
ஜாம் பூசுகிற முகத்தில் ஒன்றும் இல்லை.
கேட்டால் அந்தத் தாழ்ப்பாள் கழன்றுவிடும் என்று பட்டது.
கேட்கவில்லை.

நேற்றுப் பத்து மணிக்குப் போனேன்.
தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தது.
குழாயின் வாயில்
பழைய சமையல் துண்டொன்று
இறுக்கிக் கட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் சொட்டுக்காகக் காத்திருந்தேன்.

பிறகு,
காய்ந்த காலுறையோடு,
நூற்றுப் பதின்மூன்று.