பெயர்ச்சொல்

முதல் சட்டையில் இருந்தது ஓட்டுக் கம்பனியின் பெயர்.
கூரை ஓடு.
தமிழில் அது ஒரு கட்டளையும்தான் என்று
பாலரட்டில் எவருக்கும் நான் சொல்லவில்லை.

ஸ்டர்ட் தெருவின் பின்சந்தில் என் அச்சுக்கடை.
நூற்று அறுபது பாகை, பதினைந்து விநாடி,
எழுத்து துணியைப் பிடித்துக்கொள்ளும்.
எப்படிப் பிடித்தாலும் முப்பது சலவைக்குப் பிறகு
விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும்.

கிளெண்டா ஸனெல்லாவிடம் அப்போது
ஏழு வீரர், ஒரு பழைய வான்,
மைத்துனனின் இறைச்சிக்கடைக் குளிரறையில்
ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே தண்ணீர்ப் போத்தல்கள்.
படிவத்தில் 'தொழில்முறை அணி' என்று நிரப்பியிருந்தாள்.
என் காசை இரண்டு தவணையில் தந்தாள்.

மூன்றாம் வருடம் ஓடு போய்த் தயிர் வந்தது.
நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பெரிய கரண்டி.
மற்ற அணிகள் சிரித்தன,
புனின்யோங் ஏற்றம் வரைக்கும்.
அந்தக் கரண்டியோடு பெவன் கார்வி
ஏழு பந்தயம் வென்றான்.
ஆறாம் வருடம்
அவனுடைய சிறுநீர்க் குப்பி வேறு கதை சொன்னது.
ஏழையும் பட்டியலிலிருந்து உரித்தெடுத்தார்கள்.
தயிரும் கையைக் கழுவிற்று.
அவன் பெயர் வெட்டிய தாள் மீதம் இருந்தது என்னிடம்.
எறியவில்லை.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

பிறகு காப்புறுதி.
பிறகு மெத்தை.
பிறகு ஒன்பது மாதம்
என்ன விற்கிறார்கள் என்றே விளங்காத ஒரு செயலி.
சம்பளம் வராத செப்டம்பரில் அதன் பெயர்மேல்
கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.
வியர்வையில் நாடா கழன்று
வழியெல்லாம் விழுந்ததாம்.

பெயர்ச்சொல் காலம் காட்டாது என்று
இலக்கண வாத்தியார் கரும்பலகையில் எழுதினார்.
இந்த அணியில் பெயர்தான் காலம் காட்டிற்று.
கிளெண்டாவுக்கு விவாகரத்து ஆனது காப்புறுதியில்.
வான் கவிழ்ந்தது மெத்தையில்.
ஆண்டு எண் எவருக்கும் நினைவில்லை.

பன்னிரண்டு வருடமும் இருந்தவன் ஒருவன்தான்,
ஓவன் ட்ரிசைஸ்.
நூற்றைம்பது கிலோமீட்டர் முன்னால் நின்று
காற்றை நெஞ்சில் வாங்குவான்.
அவன் முதுகுக்குப் பின்னே காற்றில்லாத ஓர் அறை,
அதில் ஆறு பேர் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள்.
கடைசி வளைவில், கமெரா வரும் முன்
ஓரமாக ஒதுங்கிவிடுவான்.
தோன்றா எழுவாய்.
வாக்கியம் அவனால்தான் நடக்கும்,
தேடினால் வாக்கியத்தில் இருக்கமாட்டான்.

ஒருமுறை கடைக்கு வந்தான்.
முன்பக்கம் எப்படியும் இருக்கட்டும்,
முதுகில் எழுத்தைப் பெரிதாகப் போடு,
பையன்கள் நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறார்கள்,
கொஞ்சம் நேராகவாவது இருக்கட்டும் என்றான்.
அளவுகோல் வைத்து நேராக்கினேன்.

கடைசி வருடம் கிளெண்டா ஏழு வெள்ளைச் சட்டை தந்தாள்.
என்ன போட?
ஒன்றுமில்லை.
ஒன்றும் போடாததற்கு எப்படிக் காசு கேட்பது?
சுருக்கமாவது போகட்டும் என்று
ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் வைத்து எடுத்தேன்.
பதினைந்து விநாடி.

அந்த ஞாயிறு, ஏற்றத்தின் பாதியில் நின்று பார்த்தேன்.
ஒலிபெருக்கிக்காரனுக்கு அவர்களை
என்னவென்று கூப்பிடத் தெரியவில்லை.
வெள்ளைக்காரர்கள் என்று ஆரம்பித்து
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
அருகில் நின்ற பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.
ஓவன் அன்று ஒதுங்கவில்லை.
ஒதுங்கி யாருக்கு வழிவிடுவது?
பதினாலாவதாக வந்தான்.

இப்போது தபால் வான் ஓட்டுகிறான்.
என் கடைக்கும் அவன்தான் பொதி கொண்டுவருவான்,
உள்ளே தயிர்ச் சட்டை.
எழுத்தெல்லாம் போய்விட்டது.
எழுத்து இருந்த இடத்தில் மட்டும்
வெயில் படாத பச்சை,
பக்கவாட்டில் நின்றால் வாசிக்கலாம்.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன்.
மெத்தைக் காலத்துக் கணக்கில்
நானூற்றுப் பன்னிரண்டு டொலர் இன்னும் நிலுவை.
அவனிடம் எப்படிக் கேட்பது,
அவனுக்கும் மெத்தைதானே தரவேண்டும்.