அறிக்கையில் சேராத புள்ளி

பெலிகான் தெருவின் கண்ணாடிகளில்
எல்லாமே வெள்ளை.
எங்கள் மருத்துவமனைச் சுவர்போல வெள்ளை.
விற்பவர் ஒவ்வொருவரும் சொன்னார்:
"உள்ளே ஒன்றுமே இல்லை, பாருங்கள்."
ஒன்றுமே இல்லாததற்கா
இத்தனை யூரோ என்று
யோரிஸ் என் காதில் கேட்டான்.
ஆற்றங்கரையில் உருளைக்கிழங்கு வறுவல் கடை அவனுக்கு.
எதையாவது கொடுத்துத்தான் காசு வாங்கிப் பழக்கம்.

மழை வலுக்க, ஒதுங்கிய சந்தில்
நாதெலாவின் பட்டறை.
ஜார்ஜியாவிலிருந்து வந்தவள்.
ஈரக் கோட்டைக் கழற்றச் சொன்னாளே தவிர
எதையும் விற்க முயலவில்லை.
யோரிஸ்தான் மேசைமேலிருந்த நீலத்தாள் பொட்டலத்தைக் காட்டி
அது என்னவென்று கேட்டான்.
பிரித்தாள்.
பதினேழு கற்கள்.
சாம்பல், புகை, சக்கரம் ஏறிய பனி.

"வைரமா?"
"வைரம்தான். உப்பும் மிளகும் தூவியது."
யோரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்,
தன் தொழில் பேச்சு வந்ததுபோல.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
இந்தத் தெருவிலோ
உப்பு விழுந்ததுதான் குப்பைக்குப் போனது
வெகுகாலம்.
கரி என்றார்கள், காக்கைக்கால் என்றார்கள்,
பொடித்துத் துளைப்பான் முனையில் ஒட்டி
பாறைக்குள் அனுப்பினார்கள்.

"நீங்களே பாருங்கள்" என்று
உருப்பெருக்கியை நீட்டினாள்.
என்னிடம் நீட்டியிருக்கக் கூடாது.

காலை எட்டிலிருந்து இருட்டறையில்
முகம் தெரியாதவர்களின் நுரையீரல்களைப் பார்ப்பவள் நான்.
நாலு மில்லிமீட்டர், வலது மேல்மடல்.
ஆறு மில்லிமீட்டர், ஓரம் சீராக இல்லை.
புள்ளி என்றால் என் மொழியில்
எங்கோ ஒரு வீட்டில் ஒலிக்கப்போகும் தொலைபேசி.
ஒன்றுமே இல்லாத படம் வந்தால்
காப்பி ஆறுவதற்குள் கையெழுத்திடுவேன்.
என் நல்ல நாட்கள் அவ்வளவுதான்.

கண்ணைச் சுருக்கினேன்.
கரும்புள்ளிகள், ஏராளம்.
சில ஊசிமுனை, ஒன்று மட்டும் இறகு.
ஒரு மூலையில் வெண்துகள்,
பனிப்பொழிவு பாதியில் நின்றுவிட்டாற்போல்.
பழக்கத்தில் எண்ணினேன், இருபத்திரண்டு வரை.
பழக்கத்தில் ஓரங்களைச் சோதித்தேன்.
வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட
(சிரிக்காதீர்கள்)
சென்ற ஆண்டுப் படத்தைக் கை தேடியது.

இவை வளராது.
நூறு கோடி ஆண்டுகளாக
இருந்த இடத்திலேயே இருக்கின்றன.
யாருடைய கணவரும் நடைக்கூடத்தில் காத்திருக்கவில்லை.
யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ,
நாதெலா விளக்கை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.
"என்ன தெரிகிறது, வேர்லே?" என்றான் யோரிஸ்.
"எல்லாம் இருக்கிறது" என்றேன்.

வாங்கினோம் என்று இங்கேயே முடித்துவிடலாம்.
ஆனால் நாதெலா நேர்மையானவள்.
இந்த இறகு மேற்பரப்பைத் தொடுகிறது,
கதவில் இடித்தால் பிளக்கலாம்,
நகம் வைத்துப் பிடிக்க மாட்டேன்,
சுற்றிலும் பொன்னில் வரம்பு கட்டித் தருகிறேன் என்றாள்.
விலையும் சொன்னாள்.
இரண்டு வார வறுவல் என்று யோரிஸ் கணக்கிட்டான்.
மழை விடாவிட்டால் மூன்று.

விரலுக்கு வந்து ஐந்து மாதம்.
திரையின் வெளிச்சம் பட்டால்
மின்னுவதில்லை.
புகைக்குள் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல்
ஒரு கணம்.
பிறகு மறுபடியும் சாம்பல்.
"அழுக்காக இருக்கிறதே, கழுவக் கூடாதா?"
என்று கேட்டாள் செவிலி ரோசெல்.
கழுவியதுதான் என்றேன்.

இன்று காலை ஒரு படத்தில்
ஒன்பது மில்லிமீட்டர்.
தொலைபேசியை எடுக்குமுன்
கட்டைவிரலால் மோதிரத்தை ஒரு சுற்று திருப்பினேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
பிறகு எண்களை அழுத்தினேன்.