தொட்டால் மறையும் தொட்டி

வுப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகிறது,
ஆற்றுக்கு மேலே, என் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நேரே.
நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை
வெளிச்சம் நிரம்பிய கண்ணாடிப் பெட்டி ஒன்று
ஆட்களோடு நகர்ந்து மறையும்.
அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து
மீன் செய்கிறேன்.

ஸ்கிரீன்சேவர்.
யாரும் தொடாதபோது விழிப்பது,
மவுஸ் அசைந்தால் செத்துப்போவது.
தொட்டாற்சுருங்கிக்குத் தூரத்துச் சொந்தம்.
இதற்குப் போய் விசை எங்கே வைப்பது?
வேகத்தைக் கூட்டக் கை வைத்தால்
வேகமும் இல்லை, மீனும் இல்லை,
பாதியில் விட்ட வரிக்கணக்கு பல்லிளிக்கிறது.
மூன்று வாரம் இதிலேயே போயிற்று.
கடைசியில் அம்புக்குறிகள் நான்கை மட்டும்
சாவுப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.
இடம் வலம் வேகத்துக்கு,
மேல் கீழ் மீன்களின் எண்ணிக்கைக்கு.
நீளக் கட்டையை அமுக்கினால் ஒரு சிட்டிகை தீனி.

பிறகு ஆழம்.
முதல் பதிப்பில் என் கெண்டைகள்
சுவரில் ஒட்டிய தபால்தலைகள்.
திரும்பச் சொன்னால்
தோசை மாதிரிப் புரண்டன.
தூரம் போவது சிறுக்கும், சரி,
எவ்வளவு சிறுக்கும்?
பார்க்கிற கண் எங்கே இருக்கிறதென்று
முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

அளவு நாடாவோடு பார்மனுக்குப் போனேன்,
ஓடெந்தாலின் மீன்கடைக்கு.
ஒரு மணி நேரம் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றேன்.
எதுவும் வாங்கவில்லை.
அவரும் எதுவும் கேட்கவில்லை,
காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார்.
உட்கார்ந்தேன்.
சரளைத் தரை ஒரு கோடாகச் சுருங்கியது.
மேலே நீர்மட்டத்தின் அடிப்பக்கம்
ரசம் பூசிய கூரையாயிற்று,
அதில் தலைகீழாக இன்னொரு மீன்.
இத்தனை மாதத்தில் அதை நான் வரைந்ததே இல்லை.

பின்சுவர் நாற்பது சென்டிமீட்டர் என்றது நாடா.
முப்பது என்றது கண்.
நீர் பொய் சொல்கிறது, ஆனால்
எப்போதும் ஒரே விகிதத்தில் சொல்கிறது.
அப்படிப்பட்ட பொய்யனோடு தொழில் செய்யலாம்.
நாலுக்கு மூன்று என்று
டிக்கெட்டின் முதுகில் குறித்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து எடுத்துப் போனால்
எல்பர்ஃபெல்ட் பல் மருத்துவமனையில்
டோம்ப்ரோவ்ஸ்கி அம்மையார் விரல் நீட்டிய இடத்தில்
திரை, கூரையில்.
நோயாளி மல்லாந்து கிடந்து பார்ப்பாராம்.
முக்காலி போயிற்று. ரசம் போயிற்று.
நேர் கீழிருந்து பார்த்தால்
நீர்மட்டம் திறந்த ஜன்னல்.
இனி நான் வரைய வேண்டியது வயிறுகள்.

"மீன்கள் கண் சிமிட்டாதா?" என்றார்.
இமை கிடையாது என்றேன்.
எங்கள் மொழியில் இமைக்காதவர்கள் தேவர்கள் என்றும்
சேர்த்துச் சொல்லி வைத்தேன்,
பேசிய தொகை குறையாமலிருக்க.
"வாயைத் திறந்து கிடக்கையில்
மேலேயிருந்து தேவர்கள் பார்க்கிறார்கள்,
இங்கே பலருக்கும் அதுதான் பயமே."
ஒரு ஸ்லைடர் சேர்த்தேன்.
இடக்கோடியில் 'பார்', வலக்கோடியில் 'பாராதே'.

அன்றிரவு திரையை மேசை விளிம்பில் கவிழ்த்துக் கட்டி
கம்பளத்தில் மல்லாந்து கிடந்தேன்.
பதினோரு வயிறுகள். குமிழிகள்
என்னை விட்டு விலகி, சிறுத்து, மேலே.
அதற்கு மேலே?
ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.
ஜன்னல் என்றால் அப்பால் ஏதாவது இருக்க வேண்டுமே.
அப்போதுதான் அறையை ஒரு வெளிச்சம்
மெதுவாகத் துடைத்துக்கொண்டு போனது,
முதுகு காட்டியே பழகியதால்
நான் பார்க்காத அந்தப் பெட்டி.

விடியும்வரை வரைந்தேன்:
அலை நெளிக்கும் ஒரு நீண்ட நிழல்,
தொங்கும் ரயிலின் அடிவயிறு,
மீன்களுக்கெல்லாம் மேலே கடக்கிறது.
படுத்திருப்பவர் இப்போது வுப்பர் ஆற்றின் அடியில்.
அதை நிறுத்த எந்த விசையும் வைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அம்மையாரின் அழைப்பு.
சிக்கல் ஏதுமில்லை, ஒரு நோயாளி எண்ணிப் பார்த்தாராம்,
ரயில் சில சமயம் ஐந்தரை நிமிடம் கழித்து வருகிறதாம்.
பிழையா?

இல்லை, அம்மையாரே.
தாமதம்.