அளவுக்காரர் பெயர்

எழிலகம், மூன்றாம் மாடி.
பக்கத்துக்கு மூன்று ரூபாய்.
பூச்சி அரித்த மழைப் பதிவேடுகளைக்
கணினியில் ஏற்றுகிறேன்.
நாள், அங்குலம், சென்ட், அளவுக்காரர் பெயர்.
ஓட்டேரி நிலையம்: மு. கன்னியப்பன்.

கன்னியப்பனுக்குப் புள்ளி வைக்க நேரமில்லை.
கனனியபபன.
மெய்யெல்லாம் உயிரோடு அலையும் கையெழுத்து.

முப்பத்தேழு தை மாதம்
திடீரென்று புள்ளிகள் வந்து உட்காருகின்றன,
ஒவ்வொன்றும் கடுகளவு,
ஒன்றுகூடப் பிசகாமல்.
பக்கத்தின் நடுவே மடித்த மருத்துவச் சீட்டு:
இரு கண்ணிலும் பார்வை இல்லை.

அதிகாரிக்குத் தெரிந்திருக்கும்.
காலை எட்டு மணிக்கு எண் வந்தால் சரி,
யார் குனிந்து அளந்தால் என்ன.

குண்டு விழுமென்று
பட்டணமே மூட்டை கட்டிய சித்திரையில்
அவள் எழுதுகிறாள்
மழை: இல்லை
மழை: இல்லை
மழை: இல்லை
இல்லாததைப் பார்த்துச் சொல்லவும்
ஒருத்தி ஊரில் இருக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் புரட்டாசி வெள்ளம்.
மானி நிரம்பி வழியுமுன்
ராத்திரியில் மூன்று தடவை அளந்து கொட்டி
ஓரத்தில் கூட்டல் போட்டிருக்கிறாள்.
நானும் கூட்டிப் பார்த்தேன். சரி.
மை கலங்கிய அந்தப் பக்கத்தில்,
அவசரத்தில்,
கீழே தன் பெயர்:
தனகோட்டி.
அதன்மேல் ஒரே ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே, புள்ளி தவறாமல், கன்னியப்பன்.

"பதினாலு வருஷம், ஒரு நாள் விடலைம்மா!
கில்லாடி ஆளு இந்தக் கன்னியப்பன்"
என்கிறார் பொறியாளர்.
அந்த எண்களை வைத்துத்தான்
புதுக் கால்வாய்க்கு அகலம் போடுகிறார்.

"சார், அது தனகோட்டி."
"யாரு?"

பெயர்க் கட்டத்தில் நாம் எழுத முடியாது,
பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.
புதுப் பெயருக்கு மேலிடத்து அனுமதி வேண்டும்.
மனு கொடுத்து ஏழு வாரம் ஆகிறது.

கடைசியில் "குறிப்பு" என்றொரு கட்டம் உண்டு.
யாரும் திறப்பதில்லை.
எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு
அதைத் திறந்து தட்டுகிறேன்,
ஐயாயிரத்து நூற்றுப் பதிமூன்று நாளுக்கும்,
பக்கக் கணக்கில் சேராத வேலை.
நேற்று நாற்பத்திரண்டு சித்திரைக்கு வந்தேன்.

மழை: இல்லை. அளந்தவர் தனகோட்டி.
மழை: இல்லை. அளந்தவர் தனகோட்டி.